பட்டாபட்டிப் பையில் ஒரு ரிவால்வர்

ஆவணி 4, திங்கள்

லைசென்ஸ் புத்தகம் வந்துவிட்டது. கலெக்டர் ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். "கையெழுத்து ஒரு மாதிரி இருக்குதே பெரியவரே" என்றார் குமாஸ்தா. பேனா அவருடையது. பழி மட்டும் எனக்கு.

விண்ணப்பம் போட்டு இரண்டு வருடம் ஏழு மாதம். அதற்குள் எங்கள் செவலை மாடு இரண்டு ஈத்து ஈன்றுவிட்டது, கலெக்டர் ஆபீஸ்தான் இப்போது ஈன்றிருக்கிறது. விண்ணப்பம் போட்ட புதிதில் டாக்டர் என் கையை நீட்டச் சொன்னார். முளைக்குச்சி அடித்தது மாதிரி நின்றது. ஆயுதப்படை மைதானத்தில் பயிற்சி கொடுத்த ஏட்டையா, "பத்துக்கு ஏழு போட்டுட்டீங்க" என்று சான்றிதழ் எழுதித் தந்தார். அதற்குச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றேன். என் வீட்டுக்காரி மயிலாத்தாள் அதை அரிசி டப்பாவுக்கு அடியில் விரித்துவிட்டாள்.

எழுபத்து மூன்று வயதில் எனக்குத் துப்பாக்கி எதற்கு என்றால், எல்லாம் இவளால்தான். எங்கள் தோட்டத்திலிருந்து மூன்று மைல் தள்ளி இன்னொரு தோட்டத்தில் எங்களைப் போலவே இரண்டு வயசாளிகள் தனியாக இருந்தார்கள். பொழுது சாயும் நேரம், மோட்டார் ரூம் பக்கத்தில் வைத்து இரண்டு பேரையும் முடித்துவிட்டுப் போய்விட்டார்கள். அதற்கு மேல் எழுதப் பிடிக்கவில்லை. அன்றிலிருந்து மயிலாத்தாள் தாழ்ப்பாளை மூன்று தடவை தொட்டுப் பார்க்காமல் படுப்பதில்லை. பெங்களூரில் இருக்கும் மகன் திருமூர்த்தி, "பூட்டிட்டு ரெண்டு பேரும் இங்க வந்துருங்க" என்று ஒரே பிடிவாதம். அவன் இருப்பது பதினாலாவது மாடி. அங்கே நான் எச்சில் துப்பினால் அது கீழே போய்ச் சேரும்போது எனக்கே மறந்துவிடும்.

கடைசியில் மயிலாத்தாள்தான் பஞ்சாயத்துத் தீர்ப்பு சொன்னாள். "இடுப்புல துப்பாக்கியோட ஒரு ஆளு இந்தத் தோட்டத்துல பகலெல்லாம் நடமாடுனா நானும் இங்கயே இருக்கறேனுங். இல்லாட்டி நா தம்பிகூடப் போயிருவேன். நீங்க தென்னை மரத்தோட குடும்பம் நடத்திக்குங்க."

தீபாவளி வரைக்கும் தவணை. அதற்குள் இடுப்பில் துப்பாக்கி ஏறவில்லை என்றால் வீடு பூட்டு.

புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தேன். என் போட்டோவைக் கண்ணாடி போட்டுப் பார்த்தாள், கண்ணாடியைக் கழற்றியும் பார்த்தாள்.

"இந்த மூஞ்சியப் பாத்துமா லைசென்ஸ் குடுத்தாங்க?"

"ஏன், மூஞ்சிக்கு என்ன?"

"புடிச்சுக் குடுத்தா சன்மானம்னு போஸ்டர்ல போடுவாங்கல்ல, அப்பிடியே இருக்குதுங்."

காப்பி கொஞ்சம் சிந்திவிட்டது. இந்தப் புது டம்ளருக்கு விளிம்பு சரியில்லை.

ஆவணி 5, செவ்வாய்

சவரம் செய்ததில் மூன்று இடத்தில் வெட்டு. இப்போது வருகிற பிளேடெல்லாம் மோசம்.

ஆவணி 8, வெள்ளி

கோயமுத்தூர் போய்த் துப்பாக்கிக் கடை பார்த்தோம். மயிலாத்தாள் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாள். எதற்கு என்று கேட்டேன். "கண்ணாலத்துக்குத் தாலி எடுக்கப் போனப்ப எங்கூட்ல என்னையக் கூட்டிட்டுப் போவுல. இதுக்காச்சும் போறேன்" என்றாள்.

கடைக்காரர் பெயர் எட்வின். ஐம்பது வயதிருக்கும், கல்யாணத் தரகர் மாதிரி மெதுவான பேச்சு. வெல்வெட் துணி விரித்து இரண்டை எடுத்து வைத்தார். இரண்டும் முப்பத்திரண்டு நம்பர். ஒன்று தட்டையான பிஸ்டல், இன்னொன்று உருளை வைத்த ரிவால்வர்.

"ஐயா, இத எங்க வெச்சுக்கப் போறீங்க?" என்று கேட்டார்.

வேட்டியைக் கொஞ்சம் விலக்கி, பட்டாபட்டி டவுசரின் வலது பையைக் காட்டினேன். தேங்காய் கீறுகிற கத்தியையும் ஒரு பொட்டலம் புகையிலையையும் நாற்பது வருடமாகச் சுமந்த பை. எட்வின் சிரிக்கவில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போனது.

"பைக்குள்ள சும்மா போடவே கூடாதுங்கய்யா. விசை எதுலயாவது மாட்டும். விசையை முழுசா மூடற மாதிரி தோல் உறை வேணும், உறை பெல்ட்டுல இறுக்கமா இருக்கணும். அந்தப் பக்கம் கத்தி, சாவி, புகையிலை எதுவும் வரக் கூடாது."

"அப்ப புகையிலைக்கு எடது பையின்னு வெச்சுக்கலாம்" என்றேன்.

"புகையிலையே வேண்டாம்னு வெச்சுக்கலாமுங்" என்றாள் மயிலாத்தாள், எட்வினைப் பார்த்து. அவரும் தலையாட்டினார். அந்த நிமிடமே இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள்.

அப்புறம் அவள் கேட்ட கேள்விகளை நான் கேட்டிருந்தால் எனக்குப் பெருமையாக இருந்திருக்கும். "கீழ விழுந்தாத் தானா வெடிச்சுருமுங்களா?" இப்போது வருவதில் உள்ளே ஒரு தடுப்பு இருக்கிறது, விசையை இழுத்தால்தான் வழி விடும் என்றார். "அவசரத்துல வெடிக்கலீன்னா?" பிஸ்டலில் தோட்டா சிக்கினால் மேல் சட்டத்தைப் பிடித்துப் பின்னால் இழுத்துச் சரி செய்ய வேண்டும், ரிவால்வரில் ஒன்று வெடிக்காவிட்டால் மறுபடி விசையை இழுத்தால் போதும், உருளை திரும்பி அடுத்தது வந்துவிடும் என்றார். "அப்ப ஏனுங் எல்லாரும் பிஸ்டல் வாங்கறாங்க?" தட்டையாக இருப்பதால் சட்டைக்குள் தெரியாது, தோட்டாவும் கூடப் பிடிக்கும், ஆனால் கை பழகியிருக்க வேண்டும் என்றார்.

பயிற்சிக்கென்று வைத்திருந்த, தோட்டா போட முடியாத பிஸ்டலை என் கையில் கொடுத்தார். மேல் சட்டத்தை இழுத்தேன். பாதி வந்து நின்றது. துருப் பிடித்திருக்கிறது என்றேன். எட்வின் வாங்கி ஒரே இழுப்பில் இழுத்துக் காட்டிவிட்டு, "கொஞ்சம் டைட்டுதாங்கய்யா" என்றார். மரியாதை தெரிந்த மனிதர்.

அடுத்தது ரிவால்வர். அதன் குழல்மேல், முன் நுனியில், ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தார். "நாணயம் விழாம விசையை இழுக்கணும். அவ்வளவுதான் பரீட்சை. கை நின்னா குறி நிக்கும்."

நாணயம் விழுந்தது. இரண்டாவது தடவையும் விழுந்தது. மூன்றாவது தடவை விசையை இழுக்கும் முன்பே விழுந்து மேசைக்கு அடியில் ஓடிவிட்டது. எடுக்கிற சாக்கில் நான் குனிந்து கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன். அங்கிருந்து பார்த்தால் மயிலாத்தாளின் செருப்பு தெரிந்தது. அசையாமல் இருந்தது.

"ஃபேனை நிறுத்துங் தம்பி, காத்துல விழுகுது" என்றேன்.

எட்வின் ஃபேனை நிறுத்தினார். நாணயம் மறுபடி விழுந்தது.

"இன்னைக்கே எடுக்கணும்னு இல்லீங்கய்யா. வீட்ல யோசிச்சிட்டு வாங்க" என்றார்.

பஸ்ஸில் மயிலாத்தாள் உடுமலை வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குத் தெரிந்து இரண்டாவது தடவை. முதல் தடவை அவளுடைய பல்லைப் பிடுங்கினார்கள்.

ஆவணி 9, சனி

அந்தக் கடையின் ஃபேன் நின்ற பிறகும் ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. நேரில் பார்க்காதவர்களுக்கு இது புரியாது.

ஆவணி 14, வியாழன்

ஐந்து நாளாகப் பயிற்சி. எலுமிச்சைக் கொப்பு வெட்டும் கத்தரி எங்களிடம் ஒன்று இருக்கிறது. கைப்பிடி, சுருள் கம்பி, அழுத்தினால் மூடும். ரிவால்வருக்குத் தம்பி முறை. அதன் முதுகில் ஒரு ரூபாயை வைத்துக்கொண்டு தொட்டி மேட்டில் நின்று அழுத்திப் பார்க்கிறேன். நாணயம் நான்கு தடவை தொட்டிக்குள் போய்விட்டது. எருமை குடிக்கும்போது என்னைப் பார்த்துக்கொண்டே குடிக்கிறது.

இன்று ஒரு வழி கண்டுபிடித்தேன். வேப்பமரத்தில் பிசின் வடிந்திருந்தது. கடுகளவு எடுத்து நாணயத்தின் அடியில் ஒட்டினேன். ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த மயிலாத்தாளைக் கூப்பிட்டேன்.

"அம்மிணி, இங்க வந்து பாரு. எட்வினுக்கு போன் போட்டுச் சொல்லோணும்."

வந்து நின்றாள். கத்தரியை நீட்டி, படக் படக் என்று பத்து தடவை அழுத்தினேன். நாணயம் அசையவில்லை. கை என்னவோ கொஞ்சம் ஆடியது. நாணயமும் கூடவே ஆடியது, ஆனால் விழவில்லை.

"எப்பிடி?"

"நல்லா இருக்குதுங். குடுங்க பாக்கலாம்."

கத்தரியை வாங்கினாள். சாவதானமாகத் தலைகீழாகத் திருப்பினாள். நாணயம் கூரையில் தூங்கும் வௌவால் மாதிரி தொங்கியது.

"அடேங்கப்பா, என்னா புடி" என்றாள். "இப்பிடியே சூரியன் மேலயும் ஒட்டி வெய்யுங்க, சாயங்காலம் சாயாம நிக்குமாட்ட இருக்குது. உங்க லொள்ளுக்கு ஒரு அளவே இல்லீங்களா?"

சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் போய்த் தழை வெட்டுகிற அரிவாளை எடுத்தபோது முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சிரித்ததில் வந்த தண்ணீராக இருக்கும்.

ஆவணி 17, ஞாயிறு

திருமூர்த்தி போன் செய்தான். நான் கட்டுத்தறியில் இருந்தேன். மயிலாத்தாள் எடுத்துப் பேசினாள். அவளுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள். தோட்டத்தில் ரகசியம் என்று ஒன்றுமே கிடையாது.

"அப்பா துப்பாக்கி வாங்கிட்டாரா?"

"பாத்துட்டு வந்திருக்கறோம் கண்ணு. ரெண்டு மூணு பாக்கோணும்ல. நாளைக்கு இடுப்புல கட்டறதாச்சே."

"ம்மா, அப்பா கை எப்பிடி இருக்குது?"

"கைக்கென்ன? கை நல்லாத்தான் இருக்குது."

"நெசமாச் சொல்லு."

"அட, அன்னைக்குப் பத்து தடவை அழுத்துனாரு, காசு விழுகவே இல்ல. நான் எம்பட ரெண்டு கண்ணால பாத்தேன்."

பொய் சொன்னால் அவளுக்கு விக்கல் வரும். இன்றைக்கு வரவில்லை. சொன்னதில் பொய்யே இல்லை என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. இவளைப் போய் வெகுளி என்று நாற்பத்தெட்டு வருடமாக ஊரில் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

உள்ளே போய் ஒன்றும் கேட்காதது மாதிரி, "யாரு போன்ல?" என்றேன்.

"ராங் நம்பருங். துப்பாக்கி வெலை கேட்டான்" என்றாள்.

தனியாக இருந்தால் அவளுக்குப் பயம். பதினாலாவது மாடி அதைவிடப் பயம் என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது. அங்கே போயிருந்தபோது இரண்டு வாரமும் பால்கனிக் கதவைத் திறக்கவே இல்லை.

ஆவணி 21, வியாழன்

செவலை உதைத்துவிட்டது. பால் முழுக்கத் தரையில். காம்பை இழுத்து இழுத்து விடுகிறீர்கள் என்று என்னைக் குறை சொல்கிறாள். பசுவுக்குச் சினை பிடித்திருக்கும், அதான் எரிச்சல் என்றேன். "போன மாசந்தான் கண்ணு போட்டுச்சுங்" என்றாள். மாடு விஷயத்தில் இவளோடு பேசவே கூடாது. இன்றிலிருந்து காலைப் பாலும் அவளே கறக்கிறாளாம்.

ஆவணி 26, செவ்வாய்

மறுபடி கோயமுத்தூர். இந்தத் தடவை ரிவால்வர்தான் என்று முடிவோடு போனேன். எட்வின் மூன்று ரிவால்வரை வைத்தார். சின்னக் குழல், நடுக் குழல், நீளக் குழல். சின்னது இடுப்பில் தெரியாது, ஆனால் கையில் துள்ளும். நீளமானது குறிக்கு நல்லது, ஆனால் உட்காரும்போது தொடையில் குத்தும். "நடுவுல இருக்கறதுதான் அன்றாடத்துக்குச் சரியா இருக்கும்" என்றார்.

"எடை இருக்குதே தம்பி" என்றேன்.

"எடை இருந்தாத்தானுங் கை நிக்கும்" என்றாள் மயிலாத்தாள். "வெறுஞ்சொம்பு ஆடும். தண்ணிச்சொம்பு ஆடாது."

எட்வின் அவளை ஒரு மாதிரி பார்த்தார். "அம்மா, நீங்க புடிச்சுப் பாக்கறீங்களா?" என்று பயிற்சி ரிவால்வரை எடுத்தார்.

"எனக்கெதுக்குங்" என்று சொல்லிக்கொண்டே கையை நீட்டிவிட்டாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். எட்வின் ஒன்றும் சொல்லித் தரும் முன்பே ஆள்காட்டி விரலை விசைக்கு வெளியே நேராக வைத்துக்கொண்டாள். போன தடவை எனக்குச் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

குழல்மேல் நாணயம் வைத்தார்.

இழுத்தாள். டக். நாணயம் நின்றது. இன்னொரு தடவை. டக். நின்றது. ஆறு தடவை உருளை சுற்றி வந்தது. அப்புறம் இடது கைக்கு மாற்றிக்கொண்டு இரண்டு தடவை. நாணயம் அங்கேயே உட்கார்ந்திருந்தது, பிசின் இல்லாமல்.

"இவ்வளவு கனமான விசையை எப்பிடிம்மா?" என்றார் எட்வின்.

"நாப்பது வருசமா ரெண்டு கையிலும் பால் பீச்சறனுங். செவலை காம்பு இதைய விடக் கெட்டி."

பக்கத்தில் நின்ற ஒரு மில் முதலாளி கைதட்டினார். அவருக்குத் தொப்பை மேல் பிஸ்டல். நானும் தட்டினேன். தட்டும்போது இரண்டு கையும் சரியாகச் சேரவில்லை, ஆனால் சத்தம் வந்தது.

"அப்ப அம்மாவே வெச்சுக்கலாமே தம்பி" என்றேன், கேலியாகத்தான்.

எட்வின் தலையை ஆட்டினார். "லைசென்ஸ் உங்க பேர்ல இருக்குதுங்கய்யா. உங்க இடுப்புல, உங்க கையில. அம்மா எடுத்துட்டு நடந்தா அதுவே குத்தம்."

வாங்காமல் வந்துவிட்டோம். நடுக் குழல்காரனை எட்வின் எங்களுக்கென்று எடுத்து வைத்திருக்கிறார்.

ஆவணி 27, புதன்

காலையில் அரிசிம்பருப்புச் சோறு. பரிமாறும்போது மயிலாத்தாள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"வாங்கிருங்க மாமா."

"எதைய?"

"அதையத்தான். வாங்கி இடுப்புல உறையில போட்டுக்குங்க. தோட்டாவை மட்டும் நா அரிசி டப்பாவுல வெச்சுக்கறேன். தம்பிக்கு போட்டோ எடுத்து அனுப்பிப்போடலாம். பாக்கறவனுக்குத் தோட்டா இருக்குதான்னு தெரியவா போகுது?"

"அப்ப நான் பொம்மைத் துப்பாக்கிக்காரன்."

"நா அப்பிடிச் சொன்னனுங்களா?"

"சொல்லாமச் சொல்ற."

"நா சொல்லாம விட்டது இன்னும் எத்தனையோ இருக்குதுங். அதையெல்லாம் கேக்காதீங்க. சோத்தைத் தின்னுங்க."

அவள் எனக்குக் கரண்டிக்குப் பதில் உருண்டையாகப் பிடித்துத் தட்டில் வைத்திருந்தாள். ஒரு மாதமாக இப்படித்தான் வைக்கிறாள். அதை இன்றுதான் கவனித்தேன். கோபமாக எழுந்து போகலாம் என்றுதான் நினைத்தேன். உருண்டை ருசியாக இருந்ததால் ஐந்தும் தின்றுவிட்டுப் போனேன்.

மதியம் முழுக்க அவள் சொன்னதை யோசித்தேன். நல்ல யோசனைதான். யாருக்கும் தெரியாது. வீடு பூட்ட வேண்டாம். ஆனால் தோட்டாக்கள் இருக்கும் டப்பா எனக்குத் தெரியும். அவசரம் வந்தால் எடுத்துப் போட்டுக்கொள்வேன். என்னை எனக்குத் தெரியும்.

ஆவணி 30, சனி

இன்று பொழுது சாயும் நேரத்தில் மோட்டார் ரூம் பக்கம் நாய் குரைத்தது. குரைத்த விதம் வேறு மாதிரி இருந்தது. கொப்புக் கத்தரி கையில்தான் இருந்தது. துப்பாக்கி இருந்தால் எப்படி நிற்பேனோ அப்படி நின்று பார்க்கலாமே என்று சுவர் ஓரமாக நின்று, இரண்டு கையாலும் பிடித்து வாசல் பக்கம் நீட்டினேன். விளையாட்டுக்குத்தான்.

கதவு அசைந்தது. உள்ளே வந்தது மயிலாத்தாள், பால் சட்டியோடு. கீரிப்பிள்ளையைத்தான் நாய் துரத்தியதாம்.

கத்தரி முனை கதவு நிலையிலிருந்து அவள் கழுத்துக்கும், கழுத்திலிருந்து நிலைக்கும் போய்ப் போய் வந்தது. நான் ஒரே இடத்தில்தான் பிடித்திருந்தேன். அப்புறம் படக்கென்று மூடிக்கொண்டது. நான் அழுத்தவில்லை. இதைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்த்துவிட்டேன். நான் அழுத்தவில்லை.

"என்னுங்க, எம்பட தலையில எலுமிச்சை காச்சிருக்குதா?" என்றாள்.

  அவள் சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து, என் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கத்தரியை எடுத்துக்கொண்டாள்.

புரட்டாசி 1, திங்கள்

திருமூர்த்திக்கு நானே வீடியோ போட்டேன்.

"தம்பி, உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும். துப்பாக்கி வாங்குலீடா. கை நடுங்குது."

 "தெரியுமுங்ப்பா" என்றான்.

"உங்கம்மா சொல்லிட்டாளா?"

"அம்மா எங்க சொல்லுச்சு? எட்டு மாசமா வீடியோவுல உங்க மூஞ்சி ஊஞ்சல்ல ஒக்காந்தாப்பல ஆடிட்டே இருக்குது. கேட்டா நெட்வொர்க்குன்னீங்க. அம்மா பேசறப்ப மட்டும் நெட்வொர்க்கு நல்லா இருக்குதாக்கும்?"

பின்னால் மயிலாத்தாள் சிரித்துவிட்டாள். அப்படியானால் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எருமைக்கும் தெரிந்திருக்கும். எனக்குத்தான் கடைசியில் சேதி வந்திருக்கிறது.

"அப்ப பூட்டிட்டு வந்துருங்கப்பா" என்றான்.

நான் மயிலாத்தாளைப் பார்த்தேன். அவள் போனை வாங்கிக்கொண்டாள்.

"தம்பி, உங்கப்பாவுக்குக் கை வரலீன்னா எனக்கு வருது. எம்பட பேருல எழுதிப் போடறோம். கிடைக்கற வரைக்கும் ராத்திரி இங்க தங்க மாட்டோம். உடுமலைல உங்க மாமன் ஊடு இருக்குது. நாலரை பஸ்சுக்குப் போயிர்றோம், காலம்பற மொத பஸ்சுக்கு வந்துர்றோம். சாயங்காலப் பாலை நாலு மணிக்கே கறந்துக்கறேன்."

"நீ துப்பாக்கி வெச்சுக்கப் போறியாம்மா?"

"ஏன், உங்கப்பன் வெச்சா ஆம்பள, நா வெச்சா கேவலமா?"

அவன் அரை மணி நேரம் வாதாடினான். கடைசியில் என்னை நரம்பு டாக்டரிடம் காட்ட வேண்டும் என்ற ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தான். மச்சான் வீட்டில் போய் இரவு தங்குவது எனக்குக் கசப்புத்தான். அவன் குறட்டை விடுவான். நான் இத்தனை வருடமாக அவனைக் கேலி செய்ததற்கெல்லாம் இனி வட்டி கட்ட வேண்டியிருக்கும்.

புரட்டாசி 2, செவ்வாய்

நரம்பு டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நோயின் பெயர் நாக்கில் நுழையவில்லை. எத்தனை நாளாக என்று கேட்டார். "இப்பத்தான்" என்றேன். "ஒண்ணரை வருசமாச்சுங்" என்றாள் மயிலாத்தாள். டாக்டர் அவள் சொன்னதை எழுதிக்கொண்டார்.

புரட்டாசி 4, வியாழன்

கலெக்டர் ஆபீஸ். பழைய குமாஸ்தா லீவு. ஒரு அம்மா இருந்தார். லைசென்ஸ் புத்தகத்தை மேசைமேல் வைத்து, திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"புதுசு கேட்டு வருவாங்க, தோட்டா எண்ணிக்கையைக் கூட்டித் தரச் சொல்லி வருவாங்க. திருப்பித் தர யாரும் வந்து நான் பாக்கல. துப்பாக்கி வாங்கவே இல்லியா?"

"பொண்ணு பாத்தோமுங். ஜாதகம் பொருந்துல."

"காரணத்தை உங்க கைப்பட எழுதிக் குடுங்க பெரியவரே."

வெள்ளைத்தாள் கொடுத்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆள் நான், இருந்தாலும் நாலு வரி எழுதத் தெரியும். கண் பார்வை என்று எழுதலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அப்புறம் எழுதினேன்: என் கை நடுங்குகிறது. அதனால் துப்பாக்கி வைத்துக்கொண்டால் என் மனைவிக்கு ஆபத்து. அதனால் வேண்டாம்.

அந்த அம்மா தாளை வாங்கிப் பார்த்தார். டாக்டர் சான்று கொண்டுவந்திருந்தேன், அதைக் கேட்கவே இல்லை. எழுத்தே போதும் என்று நினைத்திருப்பார்.

அடுத்து மயிலாத்தாள் விண்ணப்பம். அந்த அம்மாவே கேட்டுக் கேட்டு எழுதினார். வயது அறுபத்தேழு. தொழில் விவசாயம்.

"எதுக்கும்மா துப்பாக்கி?"

"தோட்டத்துல தனியா இருக்கறோமுங். பாதுகாப்புக்கு."

"தோட்டத்துல என்னென்ன இருக்கு?"

"தென்னை எரநூத்திப் பன்னெண்டு. பசு ரெண்டு, எருமை ஒண்ணு. மோட்டார் ஒண்ணு."

"யாரு உயிருக்காவது ஆபத்துன்னா அதையும் எழுதணும்."

மயிலாத்தாள் முகவாயால் என்னைக் காட்டினாள். "இவருக்குங்."

"யாராச்சும் மிரட்டியிருக்காங்களா?"

"இதுவரைக்கும் இல்லீங். ஆனா இவரு வாய் இருக்குது பாருங், அதுக்கே ஒரு நாளைக்கு யாராவது வருவாங்க."

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எழுதி முடித்துவிட்டு, கணவருக்கு ஆட்சேபணை இல்லை என்று நான் ஒரு கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். படித்துப் பார்த்தேன். தென்னை, பசு, எருமை, மின்மோட்டார், அதற்கும் கீழே கணவர்.

"எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்" என்றேன்.

அந்த அம்மா பதறிப் போய்ப் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன ஆட்சேபணை?"

"மோட்டாருக்குக் கீழ என்னையப் போட்டிருக்கறீங்க. அதுக்கு மேலயாச்சும் ஏத்துங்க."

"அது தண்ணி எடுக்குதுங்" என்றாள் மயிலாத்தாள். "நீங்க?"

 பேனாவை எடுத்தேன். என் பெயர் நாச்சிமுத்து, ஆறே எழுத்து, இருந்தாலும் இப்போதெல்லாம் எழுதி முடிக்க நேரம் பிடிக்கிறது. நான் எழுதி முடிக்கும்வரை மயிலாத்தாள் தாளின் இரண்டு ஓரத்தையும் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள். தாள் துளிகூட அசையவில்லை.